சிறு தொலைநோக்கியில் வீடியோ கேமராவழி நெபுலாக்களை நோக்கி வரைதல்: ஒரு முறையியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நெபுலாக்களின் உருவத்தைக் கையால் வரைந்து பதியும் மரபு 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டில் உச்சம் கண்டது. இரு காலங்களில் வரையப்பட்ட படங்கள் வேறுபடும்போது, மாறியது நெபுலாவா, நோக்குநரின் கண்ணும் கருவியுமா என்னும் வினா அம்மரபைத் தொடர்ந்து வந்தது. ஒளியைச் சில வினாடிகள் சேர்த்துத் திரையில் காட்டும் வீடியோ கேமரா, 80 முதல் 200 மி.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியிலேயே மங்கிய நெபுலாக்களைக் காணச் செய்கிறது. எனினும் அது பழைய வினாவை நீக்கவில்லை. கண்ணிடமிருந்து கேமராவின் அமைப்புகளுக்கு அதை இடம் மாற்றியுள்ளது. திரையைப் பார்த்து வரையும் படம் சான்றாக நிற்பதற்கு வேண்டிய நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஒளி மாறும் நெபுலாக்களை முன்வைத்து அந்நெறிகளின் பயனும் எல்லையும் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நெபுலா, வீடியோ வானியல், கைவரைவு, சமவொளிக்கோடு, ஒளிசேர்ப்பு, மாறும் நெபுலா

முன்னுரை

விண்மீன்களுக்கிடையே பரவியுள்ள வாயுவும் தூசும் சேர்ந்த முகில்கள் நெபுலாக்கள் எனப்படுகின்றன. இவற்றுள் சில, அருகிலுள்ள வெப்பமிக்க விண்மீன்களின் புறஊதாக் கதிரால் தூண்டப்பட்டுத் தாமே ஒளி உமிழ்கின்றன. சில, விண்மீன் ஒளியைச் சிதறடித்து எதிரொளிக்கின்றன. வேறு சில, பின்னுள்ள ஒளியை மறைத்து இருண்ட உருவமாகத் தோன்றுகின்றன. மூவகைக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. விண்மீனைப் போலப் புள்ளியாக நில்லாமல் பரப்பாக விரிந்து, விளிம்பு எங்கே முடிகிறது என்று சுட்ட இயலாதபடி அவை மங்கி மறைகின்றன.

விளிம்பில்லாத ஒன்றை வரைவது எளிதன்று. கோளின் வட்டத்தையோ நிலவின் பள்ளத்தையோ வரைபவர் ஓர் எல்லைக்கோட்டைப் பின்பற்றலாம். நெபுலாவை வரைபவரோ தம் கண்ணுக்கு ஒளி தெரியாமற்போகும் இடத்தையே எல்லையாகக் கொள்கிறார். அவ்விடம் வானின் தெளிவு, தொலைநோக்கியின் விட்டம், உருப்பெருக்கம், கண்ணின் பயிற்சி ஆகியவற்றுக்கேற்ப நகரும். ஆகவே நெபுலா வரைபடம் பொருளின் படமாக இருப்பதோடு, அது காணப்பட்ட சூழலின் படமாகவும் அமைகிறது. வீடியோ கேமராவைக் கொண்டு வரையும் இன்றைய முறையை மதிப்பிடுவதற்கு இதுவே தொடக்கப் புள்ளியாகும்.

1. வரைவு மரபும் அதன் சிக்கலும்

ஓரியன் நெபுலாவின் வரைபடம் ஒன்றைக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659இல் வெளியிட்டார். ஜான் ஹெர்ஷல் அதே நெபுலாவை இருமுறை விரிவாக வரைந்தார். முதற்படம் 1826இல் வெளிவந்தது. நன்னம்பிக்கை முனையில் 1834 முதல் 1838 வரை தங்கி நோக்கியதன் பயனான மற்றொரு படம் 1847இல் வெளிவந்தது. ஒருவரே வரைந்த அவ்விரு படங்களும் ஒத்திருக்கவில்லை. பின்னர் ஓட்டோ ஸ்ட்ரூவ அந்நெபுலாவின் பகுதிகளில் ஒளி மாற்றம் நிகழ்வதாகக் கருதினார். எட்வர்ட் ஹோல்டன் அதுவரை வெளிவந்த வரைபடங்களைத் திரட்டி ஒப்பிட்டு 1882இல் ஒரு தனிநூல் வெளியிட்டார். உருவம் மாறவில்லை, பகுதிகளின் ஒளி மட்டும் மாறியுள்ளது என்பது அவர் கண்ட முடிவு. அந்த ஒளி மாற்றத்தைப் பிற்கால ஒளிப்படங்கள் உறுதிசெய்யவில்லை.

கருவி மாறினால் உருவம் மாறும் என்பதற்கு அயர்லாந்தின் பர் கோட்டையில் நோக்கிய மூன்றாம் ராஸ் பிரபுவின் படங்கள் சான்றாகின்றன. 91 செ.மீ. தொலைநோக்கியில் கண்டு 1844இல் அவர் வெளியிட்ட படத்தின் அடியாகவே மெசியர் 1 ‘நண்டு நெபுலா’ என்று பெயர் பெற்றது. 1845இல் நிறுவிய 183 செ.மீ. தொலைநோக்கியில் பின்னர் கண்டபோது அந்த நண்டு வடிவம் தென்படவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெரிய கருவியே எப்போதும் மேலானது என்று கொள்வதற்கும் இடமில்லை. வில்ஹெல்ம் டெம்பெல் 1859இல் வெனிஸ் நகரில் சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள ஒளிவிலகல் தொலைநோக்கியால் கார்த்திகை விண்மீன் கூட்டத்திலுள்ள மெரோப்பி விண்மீனைச் சூழ்ந்த நெபுலாவைக் கண்டார். அதனினும் பெரிய தொலைநோக்கிகளைக் கொண்ட சிலர் அதனைக் காண இயலாமல், அது மாறும் நெபுலாவோ என்று ஐயுற்றனர். பெரிய தொலைநோக்கியின் குறுகிய புலம் முழுவதையும் நெபுலாவே நிறைத்துக்கொண்டதால், ஒப்பிட்டுக் காண இருண்ட வானம் அதில் எஞ்சவில்லை. காணாமைக்குக் காரணம் நெபுலாவில் இல்லை. புலத்தின் அளவில் இருந்தது.

2. மேசன் காட்டிய வழி

இச்சிக்கலைத் தெளிவாக உணர்ந்து அதற்கு ஒரு முறையை வகுத்தவர், அமெரிக்காவின் யேல் கல்லூரி மாணவராயிருந்த எபனேசர் போர்ட்டர் மேசன். நண்பர் ஹாமில்ட்டன் ஸ்மித்துடன் சேர்ந்து அமைத்த 12 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியால் 1839இல் அவர் சில நெபுலாக்களை ஆராய்ந்தார். அவற்றுள் இன்று மெசியர் 17, மெசியர் 20 என எண்ணிடப்படுபவை அடங்கும். 1840இல் தம் 21ஆம் வயதில் அவர் காலமானார். ஆய்வுரை 1841இல் அச்சேறியது. ஜான் ஹெர்ஷல் தம் 1847ஆம் ஆண்டு நூலில் அவருடைய உழைப்பைப் பாராட்டியுள்ளார்.

மேசனின் முறை இரு படிகளைக் கொண்டது. முதலில் நெபுலாவின் பரப்பிலும் அருகிலும் உள்ள விண்மீன்களை அளந்து நிலைப்படுத்தி, ஒரு சட்டகம் அமைத்தார். அடுத்து, நெபுலாவில் ஒளி சமமாகத் தோன்றும் இடங்களை இணைத்துக் கோடுகள் வரைந்தார். நில வரைபடத்தில் உயரம் சமமான இடங்களை இணைக்கும் கோடுகளைப் போன்றவை இவை. இக்கட்டுரை இவற்றைச் சமவொளிக்கோடுகள் எனக் குறிக்கிறது. நிழலிட்ட படத்தில் ‘இங்கே சற்று மங்கல்’ என்று மட்டுமே கூற முடியும். சமவொளிக்கோடோ, குறிப்பிட்ட விண்மீனுக்கு எந்தப் பக்கமாக அந்த மங்கல் எல்லை செல்கிறது என்பதைக் கூறுகிறது. பின்வரும் நோக்குநர் அதனைச் சரிபார்க்கவும் மறுக்கவும் முடியும். மறுக்கத்தக்க வடிவில் அமைந்த கூற்றே சான்றாகும் தகுதியுடையது.

ஒளிப்படக்கலை இம்மரபைப் பின்னுக்குத் தள்ளியது. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிட ஒளிபதிவில் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தார். ஆண்ட்ரூ ஏன்ஸ்லி காமன் 1883இல் 91 செ.மீ. எதிரொளிப்புத் தொலைநோக்கியால் எடுத்த படம், கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களையும் காட்டியது. அதன்பின் கைவரைவு பெரும்பாலும் பொழுதுபோக்கு வானியலரிடமே தங்கிவிட்டது.

3. கண் காணும் நெபுலா

வீடியோ கேமராவின் பங்கை அறிவதற்கு முன் கண்ணின் எல்லையை அறிதல் வேண்டும். இருளில் கண் தகவமைய 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அந்நிலையில் விழித்திரையின் குச்சி செல்களே செயல்படுகின்றன. அவை நேர்ப்பார்வை மையத்தில் இல்லை. மையத்துக்குப் புறத்தே 15 முதல் 20 பாகையளவில் மிக அடர்ந்துள்ளன. நெபுலாவை நேராக நோக்காமல் சற்று விலக்கி ஓரப்பார்வையால் நோக்கும் வழக்கத்துக்கு இதுவே காரணம்.

கண் ஒளியைச் சேர்த்துவைக்கும் காலம் மிகக் குறுகியது, சுமார் 0.1 முதல் 0.2 வினாடி. எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அதற்கு மேல் ஒளி குவிவதில்லை. தொலைநோக்கியும் இக்குறையை முழுவதும் தீர்ப்பதில்லை. 200 மி.மீ. தொலைநோக்கி, 7 மி.மீ. விரிந்த கண்பாவையைவிடச் சுமார் 816 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. ஆயினும் உருப்பெருக்கத்தால் அவ்வொளி பெரிய பரப்பில் விரிவதால், பரந்த பொருளின் பரப்பொளிர்வு வெறுங்கண்ணில் தெரிவதைவிட மிகுவதில்லை. நெபுலா பெரிதாகத் தோன்றுவதால் எளிதில் புலப்படுகிறதே அன்றி, ஒளி கூடித் தோன்றுவதில்லை.

நிற உணர்திறனும் முக்கியமானது. குச்சி செல்களின் உணர்திறன் 507 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் பெறுகிறது. உமிழ் நெபுலாக்களின் இரட்டை அயனியாக்கப்பட்ட ஆக்சிஜன் கோடு 500.7 நானோமீட்டரில் அமைவதால் கண்ணுக்கு அது நன்கு புலனாகிறது. அதே நெபுலாக்களின் ஹைட்ரஜன் ஆல்ஃபா சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரில் உள்ளது. அங்குக் குச்சி செல்களின் உணர்திறன் உச்ச அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே கண்ணால் வரைந்த ஓரியன் நெபுலா பெரும்பாலும் பச்சை, நீலப்பச்சை ஒளியின் வரைபடமே.

4. வீடியோ கேமரா செய்யும் மாற்றம்

இரவுக் கண்காணிப்புக்கென உருவான, மங்கிய ஒளியிலும் இயங்கும் சி.சி.டி. கேமராக்கள் வானியலுக்குப் பயன்படத் தொடங்கியதே வீடியோ வானியலின் பிறப்பு. ஜப்பானின் வாடெக் 120என், கனடாவின் மாலின்கேம் முதலியன இவ்வகையில் அறியப்பட்டவை. சாதாரண வீடியோ ஒவ்வொரு சட்டகத்தையும் 1/25 வினாடியில் முடித்துவிடும். இக்கேமராக்களோ உணரியில் ஒளியைத் தொடர்ந்து சேர்த்து, குறித்த காலம் முடிந்தபின் ஒரே சட்டகமாகத் திரைக்கு அனுப்புகின்றன. 256 சட்டகங்களின் காலத்தைச் சேர்த்தால் ஒளிசேர்ப்பு 10.24 வினாடியாகிறது. கண்ணின் 0.2 வினாடியோடு ஒப்பிட்டால் இது ஐம்பது மடங்குக்கு மேல். இன்று சிமாஸ் உணரியுடன் கணினியில் சட்டகங்களை உடனுக்குடன் அடுக்கிக் காட்டும் கேமராக்கள் இவற்றின் இடத்தைப் பெற்றுவருகின்றன. அடிப்படை ஒன்றே. 16 சட்டகங்களை அடுக்கினால், இரைச்சலை நோக்கக் குறிப்பலையின் விகிதம் அதன் வர்க்கமூலமாகிய 4 மடங்கு உயர்கிறது.

கேமராவில் பரந்த பொருளின் ஒளிர்வைத் தீர்மானிப்பது, குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்துப் பெறும் குவிய விகிதம். விகிதம் 10 உள்ள தொலைநோக்கியில் குவியத்தைச் சுருக்கும் வில்லையைப் பொருத்தி 3.3 ஆக்கினால், ஒவ்வொரு பிக்சலும் பெறும் நெபுலா ஒளி சுமார் 9 மடங்காகிறது. சிறு தொலைநோக்கியின் வலிமை இங்கேதான் உள்ளது. குறைந்த குவிய விகிதமுடைய 80 மி.மீ. தொலைநோக்கியும் பரந்த நெபுலாவைச் சில வினாடிகளில் திரையில் காட்டவல்லது. கண்ணால் காண்பதற்கு இருண்ட வானும் தனி வடிகட்டியும் தேவைப்படும் குதிரைத்தலை நெபுலா, 200 மி.மீ. தொலைநோக்கியில் கேமரா வழியே நேரடியாகத் தென்படுகிறது.

ஆனால் திரையில் தெரிவது கண் கண்ட நெபுலா அன்று. சி.சி.டி. உணரி சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் நன்கு உணர்வதால், ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி படத்தில் மேலோங்குகிறது. டிரேப்பர் காலத்து ஒளிப்படத் தகடோ நீலத்துக்கும் ஊதாவுக்குமே உணர்திறன் பெற்றிருந்தது. எனவே ஒரே ஓரியன் நெபுலாவைப் பச்சையில் கண்ட கண், நீலத்தில் கண்ட தகடு, சிவப்பில் காணும் உணரி என மூன்று சாட்சிகள் உள்ளன. ஒன்றின் கூற்றை மற்றொன்றின் கூற்றோடு நேராக ஒப்பிட்டு மாற்றத்தை முடிவுசெய்வது பிழையாகும். 19ஆம் நூற்றாண்டு வரைபடத்தையும் இன்றைய திரை வரைபடத்தையும் அருகருகே வைப்பவர் இதனை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

5. புலம், அளவு, சுழற்சி

வரைபடத்துக்கு அளவுகோல் வேண்டும். பிக்சலின் அகலத்தை மைக்ரோமீட்டரில் எடுத்து, 206.265ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் அமைந்த குவியத் தொலைவால் வகுத்தால், ஒரு பிக்சல் அடக்கும் கோணம் வில்வினாடியில் கிடைக்கும். 8.6 மைக்ரோமீட்டர் பிக்சலும் 800 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட அமைப்பில் இது 2.2 வில்வினாடி. 6.4 × 4.8 மி.மீ. உணரிக்கு அங்குக் கிட்டும் புலம் சுமார் 27.5 × 20.6 வில்நிமிடம். 8 வில்நிமிட நீளமுள்ள மெசியர் 27 இதில் நன்கு அடங்கும். ஒரு பாகைக்கு மேல் விரிந்த ஓரியன் நெபுலாவோ 400 மி.மீ. குவியத் தொலைவிலும் முழுமையாக அடங்காது. மெரோப்பி நெபுலாவில் நேர்ந்த புலக்குறை கேமராவிலும் தொடர்கிறது. நெபுலா புலத்தைவிடப் பெரிதாயின், அருகிலுள்ள வெற்று வானத்துக்குத் தொலைநோக்கியை நகர்த்திப் பின்னணியை அறிந்த பின்னரே வரைதல் வேண்டும்.

விண்ணின் தினசரி ஓட்டத்தைத் தொலைநோக்கி பின்தொடராவிடில், வான நடுக்கோட்டருகே 10.24 வினாடியில் விண்மீன் சுமார் 154 வில்வினாடி நகர்ந்துவிடும். மேற்கூறிய அமைப்பில் இது 70 பிக்சல். எனவே பின்தொடரும் தாங்கி இன்றியமையாதது. துருவத்தை நோக்கிய அச்சுடைய தாங்கியே சிறந்தது. மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் தாங்கி விண்மீனை நடுவில் நிறுத்தினும், புலம் மெல்லச் சுழலும். அச்சுழற்சி உச்சிவானருகே மிகுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அணித்தான தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது கவனத்துக்குரியது. சான்றாக, வான நடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் உள்ள என்.ஜி.சி. 2261 சென்னையில் நடுவானைக் கடக்கும்போது 85 பாகைக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கும். அவ்வேளையில் புலம் நிமிடத்துக்குச் சுமார் 3.2 பாகை சுழல்கிறது. 10.24 வினாடியில் சுழற்சி 0.55 பாகை, புல ஓரத்து விண்மீன் 3 பிக்சலுக்கு மேல் நீண்டுவிடும். ஒரு சட்டகத்துக்கு இது பொறுக்கத்தக்கதாயினும், அரைமணி நேரம் தொடரும் வரைதலுக்குத் திசைக்குறிப்பையே குலைத்துவிடும். உச்சியைக் கடப்பதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்போ பின்போ நோக்கினால் சுழற்சி பெரிதும் குறையும்.

6. திரையின் போலித் தோற்றங்கள்

கண்ணின் மயக்கங்களைப் போலக் கேமராவுக்கும் மயக்கங்கள் உண்டு. முதலாவது, தானியங்கு மிகைப்புக் கட்டுப்பாடு. புலத்தில் ஒளிமிக்க விண்மீன் நுழைந்தால் கேமரா தானே மிகைப்பைக் குறைக்கும்; நெபுலாவின் மங்கிய பகுதி மறையும். நெபுலா மாறாமலே திரையில் ‘மாறிவிடும்’. இரண்டாவது, காமா திருத்தம். இது மங்கிய பகுதிகளை உயர்த்திக் காட்டுவதால், உள்ளொளிக்கும் புறவொளிக்கும் உள்ள உண்மையான விகிதம் குலைகிறது. அடுக்கும் மென்பொருள்கள் தாமே செய்யும் ஒளிநீட்டலும் இதே விளைவைத் தருகிறது.

மூன்றாவது, உணரியின் குறைகள். வெப்பத்தால் ஒளிரும் பிக்சல்கள் மங்கிய விண்மீன்களாகத் தோன்றும். உணரியின் மின்பெருக்கி உமிழும் வெளிச்சம் திரையின் ஒரு மூலையில் நெபுலா போலப் பரவும். இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தொலைநோக்கியைச் சில வில்நிமிடங்கள் நகர்த்த வேண்டும். விண்மீன்களோடு நகர்வது வானத்தைச் சேர்ந்தது. திரையில் அதே இடத்தில் நிற்பது உணரியைச் சேர்ந்தது. நான்காவது, ஒளிவிலகல் தொலைநோக்கியில் அகச்சிவப்பு வேறிடத்தில் குவிவதால் விண்மீனைச் சுற்றி எழும் ஒளிவட்டம். எதிரொளிப்பு நெபுலாக்களை வரைவோரை இது எளிதில் ஏமாற்றும். அகச்சிவப்பை விலக்கும் வடிகட்டியைப் பொருத்தியும் நீக்கியும் பார்த்தால் ஐயம் தீரும்.

7. வரையும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு செயல்முறை கிடைக்கிறது.

முதலாவதாக, கண்ணருகு வில்லை வழியே நோக்கி ஒரு வரைபடத்தை முடித்துவிட வேண்டும். திரையின் வெளிச்சம் இருள் தகவமைவைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். திரையில் ஒருமுறை கண்ட வடிவத்தை மனம் பின்னர் கண்ணருகு வில்லையிலும் காணத் தொடங்கும் என்பது அதனினும் வலிய காரணம்.

இரண்டாவதாக, தானியங்கு மிகைப்பை நிறுத்தி, காமாவை 1.0 ஆக்கி, மிகைப்பையும் திரையின் வெளிச்சத்தையும் ஓரளவில் நிலைப்படுத்த வேண்டும். பின்தொடர்தலைச் சிறிது நேரம் நிறுத்தினால் விண்மீன்கள் மேற்கு நோக்கி ஓடும். அத்திசையைத் தாளில் குறிக்க வேண்டும்.

மூன்றாவதாக, திரைமீது கட்டமிட்ட ஒளிபுகு தாளை ஒட்டி, அதே கட்டங்களுடைய வெள்ளைத் தாளில் விண்மீன் சட்டகத்தை அமைக்க வேண்டும். எட்டா காரினே நெபுலாவை வரைய ஜான் ஹெர்ஷல் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைத் தீர்மானித்தார். சிறு நெபுலாவுக்குப் பத்து முதல் இருபது விண்மீன்கள் போதும்.

நான்காவதாக, மிகைப்பை மாற்றாமல் ஒளிசேர்ப்புக் காலத்தை மட்டும் 1.28, 2.56, 5.12, 10.24 வினாடி என இரட்டித்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் நெபுலா பின்னணியில் கரையும் எல்லையை விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு ஒரு கோடாக வரைய வேண்டும். மேசன் கண்ணின் மதிப்பீட்டால் வரைந்த சமவொளிக்கோடுகள் இங்கே காலத்தால் வரையறுக்கப்படுகின்றன. கேமராவின் உள் இரைச்சலே மேலோங்கும் இருண்ட வானில், காலம் இரட்டிக்கும்போது கண்டறியும் எல்லை சுமார் 0.75 ஒளித்தரம் ஆழமாகும். வானொளியின் இரைச்சல் மேலோங்கும் நகர்ப்புறத்தில் அது 0.38 ஒளித்தரமே. ஆகவே கோடுகளுக்கிடையே உள்ள படிகள் தோராயமானவை. எனினும் அடுத்த மாதம் அதே இடத்தில், அதே அமைப்பில், ஒத்த வானில் வரையும் படத்தோடு ஒப்பிட அவை போதுமானவை.

ஐந்தாவதாக, கோடுகளுக்கிடையே பென்சிலால் நிழலிட்டு, தாள்சுருளால் தேய்த்து மென்மையாக்கலாம். வெள்ளைத் தாளில் கறுப்பால் வரைவதால் ஒளி கருமையாகத் தோன்றும். நுண்வேறுபாடுகளைக் காட்ட இதுவே ஏற்றது. உறுதியாகக் கண்டவற்றை முழுக்கோடாகவும் ஐயத்துக்குரியவற்றைப் புள்ளிக்கோடாகவும் வேறுபடுத்த வேண்டும். நாள், நேரம், இடம், வானின் நிலை, விட்டம், குவியத் தொலைவு, ஒளிசேர்ப்புக் காலம், மிகைப்பு, காமா, வடிகட்டி ஆகியவை படத்தின் கீழ் இடம்பெற வேண்டும். இக்குறிப்பு இல்லாத வரைபடம் அழகியதாக இருக்கலாம், ஒப்பீட்டுக்கு உதவாது.

8. மாறும் நெபுலாக்கள்

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்னும் வினாவுக்கு, உண்மையிலேயே மாறும் நெபுலாக்கள் விடை தருகின்றன. ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் 1852இல் டி டாரி விண்மீனருகே ஒரு சிறு நெபுலாவைக் கண்டார். இன்று அது என்.ஜி.சி. 1555. 1861இல் கோபன்ஹேகனில் தாரெஸ்ட் அதனைத் தேடிக் காணவில்லை. ஓரியன் நெபுலாவில் மாற்றம் என்று கருதப்பட்டது நோக்குநரின் வேறுபாடாக முடிந்தது. இங்கோ நெபுலாவே மங்கியிருந்தது. அக்காலத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியப் போதிய அளவுக்குறிப்பு இல்லை.

என்.ஜி.சி. 2261 மற்றொரு சான்று. விசிறி வடிவமுள்ள இந்நெபுலாவின் மாற்றத்தை எட்வின் ஹபிள் 1916இல் அறிவித்தார். பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி 1949 ஜனவரி 26 அன்று முதற்படம் எடுத்ததும் இதனையே. விசிறியின் முனையிலுள்ள ஆர் மோனோசெரோட்டிஸ் விண்மீனருகே நகரும் தூசுமுகில்களின் நிழல் நெபுலாவின்மீது விழுவதே மாற்றத்துக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. சில வாரங்களிலேயே வடிவம் வேறுபடுவதால், ஒரு பருவத்துக்குள் தொடர் வரைபடங்கள் பெறுவதற்கு ஏற்ற பொருள் இது. சுமார் 2 வில்நிமிட அளவுள்ள இது 800 மி.மீ. குவியத் தொலைவில் 54 பிக்சல்தான். 2,000 மி.மீ. ஆக்கினால் 135 பிக்சல் கிடைக்கும். 200 மி.மீ. தொலைநோக்கியில் அதனால் ஒளிர்வு 6 மடங்குக்கு மேல் குறைந்தாலும், இந்நெபுலாவின் பரப்பொளிர்வு மிகுதியாதலால் இழப்பைத் தாங்கலாம்.

2004 ஜனவரியில் ஜே மெக்நீல் 76 மி.மீ. தொலைநோக்கியில் சி.சி.டி. கேமராவைப் பொருத்தி எடுத்த படத்தில், மெசியர் 78 அருகே முன்பு அறியப்படாத நெபுலா ஒன்றைக் கண்டறிந்தார். வி1647 ஓரியனிஸ் என்னும் இளம் விண்மீனின் திடீர் ஒளிர்வே அதற்குக் காரணம். 1966இல் எடுக்கப்பட்ட ஓர் ஒளிப்படத்திலும் அது பதிந்திருந்தது பின்னர் அறியப்பட்டது. பதிவு இருந்தும் பல்லாண்டுகள் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேமரா பதிவுசெய்வதும் ஒருவர் கவனிப்பதும் இருவேறு செயல்கள் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

9. படத்தைச் சேமிக்க முடிந்தும் வரைவது ஏன்?

திரையில் தெரிவதைக் கோப்பாகச் சேமிக்க முடியும்போது கையால் வரைவது தேவையா என்னும் எதிர்வாதம் நியாயமானது. ஒளியளவீட்டுக்குச் சேமித்த கோப்பே உரியது. வரைபடம் அதற்கு ஈடாகாது. ஆனால் கோப்பு நெபுலாவையும் இரைச்சலையும் மின்பெருக்கி வெளிச்சத்தையும் வேறுபாடின்றிப் பதிகிறது. எது வானத்தைச் சேர்ந்தது, எது ஐயத்துக்குரியது என்று அது கூறுவதில்லை. வரைபவர் ஒவ்வொரு கோட்டுக்கும் முன் அத்தீர்ப்பைச் செய்தாக வேண்டும். தொலைநோக்கியை நகர்த்திச் சோதித்தலும் வடிகட்டியை மாற்றிப் பார்த்தலும் நோக்கும் வேளையிலேயே இயலும். கோப்பை மறுநாள் திறப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே இரண்டும் ஒருங்கே இருத்தல் நன்று. கோப்பு அளவையும் வரைபடம் தீர்ப்பையும் தாங்கி நிற்கும்.

முடிவுரை

வீடியோ கேமரா சிறு தொலைநோக்கியின் எட்டும் எல்லையை விரித்துள்ளது. ஆனால் வரைபடத்தின் நம்பகத்தன்மையை அது தானாக உயர்த்தவில்லை. கண்ணுக்குப் பதில் உணரி, இருள் தகவமைவுக்குப் பதில் ஒளிசேர்ப்பு, மனமயக்கத்துக்குப் பதில் தானியங்கு மிகைப்பு எனப் பிழையின் வாயில்கள் இடம் மாறியுள்ளன. ஒரு வேறுபாடு மட்டும் நோக்குநருக்குச் சாதகமானது. கண்ணின் நிலையை எண்ணால் குறித்துவைக்க 19ஆம் நூற்றாண்டினருக்கு வழியில்லை. கேமராவின் நிலையை எண்ணால் குறிக்கலாம், மறுமுறையும் அதே நிலையில் அமைக்கலாம். மேசன் நாடிய சமவொளிக்கோட்டு வரைபடத்தை இன்று 80 மி.மீ. தொலைநோக்கி உடையவரும் மீளச்செய்யத்தக்க முறையில் பெற முடியும். என்.ஜி.சி. 2261, என்.ஜி.சி. 1555, மெக்நீல் நெபுலா ஆகிய மூன்றும் தமிழ்நாட்டு வானில் நடுவானைக் கடக்கையில் உச்சிக்கு அணித்தே செல்கின்றன. கல்லூரிகளின் சிறு தொலைநோக்கிகளைக் கொண்டு இவற்றைப் பருவந்தோறும் ஒரே அமைப்பில் வரைந்து தொகுத்தால், மாறியது நெபுலாவா, நோக்குநரா என்னும் வினாவுக்கு அத்தொகுப்பிலிருந்தே விடை காண இயலும்.